ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தபடியே மோடத்தின் பக்கத்தைத் திறப்பது: முழுமையான வழிகாட்டி

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசன் நேரம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டரும் டெம்போவும் எடைமேடைக்கு வரிசை கட்டி நிற்கின்றன. உள்ளேயிருந்து கணக்குப் பார்க்கும் தம்பி எனக்கு போன் போடுகிறார்.

"அண்ணா, மத்தியானம் ஆனா நெட்டு விட்டு விட்டு வருதுங்க. லைன்காரங்களக் கேட்டா மோடத்துல பவர் எவ்ளோ காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்கங்கறாங்க. 192.168.100.1 அடிச்சா சும்மா சுத்திக்கிட்டே இருக்குது."

அவர் அடித்தது மோடத்தின் நிர்வாகப் பக்க முகவரி. மோடம் எடைமேடை அறையில், ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறது. அதுவரை அங்கே நடந்த வைத்தியம் இது: ஏணியில் ஏறு, ஃபயர்வாலுக்குப் போகும் வயரைப் பிடுங்கு, லேப்டாப்பில் செருகு, கையால் ஐபி போடு, பக்கத்தைப் பார், பழையபடி மாட்டு. அந்தப் பத்து நிமிடமும் எடைச்சீட்டு ஓடாது, இ-வே பில் போகாது, வெளியே டிரைவர்கள் சத்தம் போடுவார்கள். இத்தனைக்கும் ஏணி போட்டு ஏறுவதற்குள் லைன் தானாகச் சரியாகிவிடும். கோளாறு நடக்கும் அந்த நிமிடத்து அளவுதான் வேண்டும். அதை நாற்காலியை விட்டு எழாமல் பார்க்க முடியவேண்டும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நான் போய்ப் பார்க்கும் சின்ன ஆலைகள், மண்டிகள், பள்ளி அலுவலகங்களில் பெரும்பாலும் இதே அமைப்புதான்: ஃபைபர் வந்து ஓஎன்டி என்கிற மோடப் பெட்டியில் முடியும், அது பிரிட்ஜ் முறையில் இருக்கும், அதாவது தான் ரூட்டராக வேலை செய்யாமல் வருவதை அப்படியே கடத்திவிடும், அதற்குப் பின்னால் ஒரு ஃபயர்வால் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ஆபரேட்டரோடு இணையும் முறை) போட்டு நெட்டை எடுக்கும். அந்த அமைப்பை வைத்தே எழுதுகிறேன்.

ஏன் திறக்கவில்லை

இது புரியாமல் மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தால், அடுத்த பெட்டியில் மாட்டிக்கொள்வீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் பைபாஸ் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி வழியாகத்தான் போகிறது, ஆனால் ஊருக்குள் வராது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னால் கண்டக்டர் சிரிப்பார். 1999-இல் வரையறுக்கப்பட்ட பிபிபிஓஇ இணைப்பும் அப்படித்தான். ஃபயர்வாலில் ஏறும் பாக்கெட் மோடத்தைத் தொட்டுக்கொண்டேதான் போகிறது, ஆனால் அங்கே இறங்காது. நேராக ஆபரேட்டரின் நிலையத்தில்தான் கதவு திறக்கும். 192.168.100.1 என்று நீங்கள் அடித்ததும், ஃபயர்வால் "இந்த முகவரி என் வட்டாரத்தில் இல்லை, வெளியே போகட்டும்" என்று அதே பைபாஸ் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறது. ஆபரேட்டர் பக்கம் போய் அது தொலைகிறது.

ஆக, முதல் தேவை அதே சாலையில் ஓடும் ஒரு டவுன் பஸ். வயர் அதுவேதான். அதன் மேல் பிபிபிஓஇ இல்லாத வெறும் ஈதர்நெட் இன்டர்ஃபேஸ் ஒன்றை உருவாக்கி, மோடத்தின் வட்டாரத்திலேயே ஃபயர்வாலுக்கு ஒரு முகவரி கொடுக்கவேண்டும்.

அது மட்டும் போதாது. இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் 192.168.10.25 என்று வைப்போம். கேள்வி மோடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் 192.168.10 என்ற வட்டாரம் எங்கே இருக்கிறதென்று மோடத்துக்குத் தெரியாது. பதிலை எந்தப் பக்கம் அனுப்புவது? தூக்கிப் போட்டுவிடும்.

மாம்பழ மண்டியில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் விவசாயியுடையது. ஆனால் வெளியூர் வியாபாரிக்குப் போகும் பில் மண்டிக்காரர் பேரில்தான். அந்த வியாபாரிக்கு மண்டிக்காரரைத் தெரியும், விவசாயியைத் தெரியாது. பணம் வந்ததும் மண்டிக்காரர் நோட்டைப் புரட்டி, யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக் கொடுப்பார். நாட் என்பது இதுதான். உங்கள் கேள்வியை ஃபயர்வால் தன் பேரில் மோடத்திடம் கேட்கும். பதில் வந்ததும் தன் நோட்டைப் பார்த்து உங்களிடம் சேர்க்கும்.

மோடத்தின் வட்டாரத்தில் ஒரு முகவரி, அந்த முகவரியின் பேரில் பேச ஒரு நாட் விதி. எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் செய்யவேண்டியது இந்த இரண்டுதான்.

கை வைப்பதற்கு முன்

மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். முகவரி 192.168.100.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஆபரேட்டர் பாஸ்வேர்டை மாற்றிவைத்திருந்தால் அவர்களிடமே கேளுங்கள். அளவுகளைப் பார்க்க மட்டும் ஒரு கணக்கு கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ரீசெட் பொத்தானில் குண்டூசி வைக்காதீர்கள். பிரிட்ஜ் அமைப்பு, விலான் எண் (ஒரே வயரில் ஓடும் தனித்தனி வலைகளைப் பிரிக்கும் எண்) எல்லாம் அழிந்துபோகும். அப்புறம் ஆபரேட்டர் ஆள் வந்தால்தான் நெட். நான் ஒருமுறை அந்த வேலையைச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மண்டித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து, ஃபயர்வாலின் உள்பக்க முகவரியைப் பாருங்கள். மோடம் 192.168.1.1, உங்கள் உள்வலையும் 192.168.1.1 என்றால் மேற்கொண்டு எதைச் செய்தும் பலனில்லை. "192.168.1.1 யாருப்பா?" என்று கம்ப்யூட்டர் குரல் கொடுத்ததும் ஃபயர்வாலே "நான்தான்" என்று கைதூக்கிவிடும். கேள்வி வாசலைத் தாண்டாது. இரண்டில் ஒன்றை மாற்றவேண்டும். உள்வலையை மாற்றுவதே நல்லது. 192.168.10.0, 10.20.30.0 என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர், கேமரா, எடைமேடைக் கம்ப்யூட்டர் இவற்றுக்குக் கையால் ஐபி போட்டிருந்தால் அதையெல்லாம் மாற்றவேண்டியிருக்கும். அதனால் ஆலை ஓடாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மோடம் நிஜமாகவே பிரிட்ஜில்தான் இருக்கிறதா? ஃபயர்வாலின் வான் (WAN) பக்கம், அதாவது வெளிப்பக்கம், பிபிபிஓஇ யூசர்நேம் இருந்தால் பிரிட்ஜ். அங்கே 192.168.1.5 மாதிரி ஒரு முகவரி டிஹெச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் வந்திருந்தால் மோடமே ரூட்டராக வேலை செய்கிறது. அப்படியானால் உங்களுக்கு இந்த வேலையே வேண்டாம், மோடம் முகவரியை அடித்தாலே பக்கம் திறக்கவேண்டும். திறக்கவில்லையென்றால் மேலே சொன்ன முகவரி மோதலையும், உள்முகவரிகளுக்கு வெளியே போகத் தடை போடும் விதி ஏதாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக, ஃபயர்வாலின் அமைப்பை பேக்கப் எடுங்கள். ஒரு நிமிட வேலை.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ்

ஃபயர்வால் பெட்டிகளில் ஓடும் மென்பொருள்கள் இவை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மெனு சற்று இடம் மாறியிருக்கலாம், வேலை ஒன்றுதான். எடுத்துக்காட்டுக்கு மோடம் 192.168.100.1, உள்வலை 192.168.10.0/24.

இன்டர்ஃபேசஸ் மெனுவில் அசைன்மென்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். வான் எதிரே பிபிபிஓஇ0 என்றும் அருகே அது உட்கார்ந்திருக்கும் போர்ட்டின் பெயரும் தெரியும், ஐஜிபி0 (igb0) என்பது போல. கீழே புதிதாகச் சேர்க்கும் பட்டியலில் அதே ஐஜிபி0 வெறும் போர்ட்டாக இருக்கும். அதைத் தேர்ந்து ஆட் அழுத்துங்கள். ஓபிடி1 என்று ஒன்று முளைக்கும்.

சிலர் இங்கே பயந்துவிடுகிறார்கள்: "ஏற்கெனவே வான் ஓடுற போர்ட்டாச்சே, மறுபடி சேர்த்தா நெட்டு போயிடாதா?" போகாது. பைபாஸ் பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் ஒரே சாலையில் ஓடுவதில்லையா?

ஓபிடி1-ஐத் திறந்து, எனேபிள் டிக் செய்யுங்கள். பெயரை மோடம் என்று மாற்றுங்கள். ஐபிவி4 வகை ஸ்டாட்டிக். முகவரி 192.168.100.2, பக்கத்தில் 24. கேட்வே கட்டத்தில் ஒன்றும் வேண்டாம், 'நன்' என்றே இருக்கட்டும்.

கேட்வே பற்றி இரண்டு வார்த்தை. கட்டம் காலியாக இருந்தால் நமக்குக் கை அரிக்கும். 192.168.100.1 என்று நிரப்பத் தோன்றும். நான் முதல் தடவை நிரப்பினேன். அதை ஒரு புது இணைய வழி என்று ஃபயர்வால் எடுத்துக்கொண்டது, இயல்பு வழியும் அந்தப் பக்கம் சாய்ந்தது, மொத்த ஆலைக்கும் நெட் போனது. பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் பேச பஸ் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு நடுவில் கேட்வே எதற்கு?

சேவ், அப்ளை. இப்போது ஃபயர்வால் மெனுவில் நாட், அதில் அவுட்பவுண்ட். ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை ஹைபிரிட் ஆக்கி சேவ் செய்யுங்கள். கேட்வே இல்லாத இன்டர்ஃபேஸை ஆட்டோமேட்டிக் முறை வெளிப்பக்கம் என்று கணக்கில் எடுக்காது, தானாக நாட் போடாது. அதனால்தான் கையால் ஒரு விதி எழுதுகிறோம். புது விதியில்:

இன்டர்ஃபேஸ்: மோடம்
சோர்ஸ்: 192.168.10.0/24
டெஸ்டினேஷன்: 192.168.100.1/32
டிரான்ஸ்லேஷன்: இன்டர்ஃபேஸ் அட்ரஸ்

மறுபடி சேவ், அப்ளை. லான் (உள்வலை) பக்கம் எல்லாம் போகலாம் என்ற பொது விதி இருந்தால் வேலை முடிந்தது. மோடம் இன்டர்ஃபேஸின் விதிப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். நாம் கேட்ட கேள்விக்கான பதில் தானாக உள்ளே வரும். மோடம் தானாக எதையாவது தொடங்கினால் வாசலிலேயே நிற்கும். அதுதான் நமக்கும் வேண்டும்.

ஓபன்வர்ட், மைக்ரோடிக்

இவை ரூட்டர்களில் ஓடுபவை. ஓபன்வர்ட்டில் இது சுலபம். நெட்வொர்க் மெனுவில் இன்டர்ஃபேசஸ், புது இன்டர்ஃபேஸ், பெயர் மோடம், வகை ஸ்டாட்டிக், டிவைஸ் கட்டத்தில் வான் எந்த டிவைஸில் இருக்கிறதோ அதுவே. முகவரி 192.168.100.2, நெட்மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. ஃபயர்வால் தாவலில் வான் ஜோனைத் தேர்ந்துவிடுங்கள். அந்த ஜோனில் மாஸ்குவரேடிங் (நாட்டின் ஒரு வகை) ஏற்கெனவே ஓடுவதால் தனியாக நாட் விதி வேண்டாம்.

மைக்ரோடிக்கில் ஐபி மெனுவில் அட்ரஸஸ், 192.168.100.2/24, இன்டர்ஃபேஸ் ஈதர்1, அதாவது மோடத்துக்குப் போகும் போர்ட். பிபிபிஓஇ அவுட் என்று தெரிவதைத் தேர்ந்துவிடாதீர்கள். பிறகு ஃபயர்வாலில் நாட் தாவலைப் பாருங்கள். மாஸ்குவரேட் விதி வான் பட்டியல் முழுவதற்கும் போட்டிருந்து, அந்தப் பட்டியலில் ஈதர்1-உம் இருந்தால் போதும். பிபிபிஓஇ-க்கு மட்டும் போட்டிருந்தால் இன்னொரு விதி: செயின் சோர்ஸ்நாட், வெளி இன்டர்ஃபேஸ் ஈதர்1, சேருமிடம் 192.168.100.1, செயல் மாஸ்குவரேட்.

சோதிக்கும் வரிசை

நேராக பிரவுசரைத் திறக்காதீர்கள். மோடத்துக்குப் பக்கத்திலிருந்து உங்கள் பக்கமாக ஒவ்வோர் அடியாக வாருங்கள்.

முதலில் ஃபயர்வாலின் உள்ளிருந்தே மோடத்துக்கு பிங் அடியுங்கள். எல்லாப் பெட்டியிலும் டயக்னாஸ்டிக்ஸ் அல்லது டூல்ஸ் மெனுவில் இருக்கும். பதில் வரவில்லையென்றால் ஏஆர்பி பட்டியலைப் பாருங்கள், எந்த ஐபி எந்தக் கருவியின் மேக் முகவரிக்கு (வன்பொருள் எண்) உரியது என்று அதில் இருக்கும். 192.168.100.1 எதிரே மேக் முகவரி இருந்தால் வயர் வழியாக மோடம் பேசுகிறது, பிங்குக்கு மட்டும் பதில் தராத பெட்டியாக இருக்கலாம், தொடருங்கள். மேக் முகவரியே இல்லையென்றால் தவறான போர்ட், அல்லது தவறான முகவரி, அல்லது அடுத்த பகுதியில் சொல்லும் சிக்கல்.

ஃபயர்வாலிலிருந்து பதில் வந்து, கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லையா? முகவரி சரி, நாட் அல்லது லான் விதிதான் கோளாறு. வேறெங்கும் தேடாதீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியை வரிவரியாகக் காட்டும் கட்டளை) ஓட்டினால் இன்னும் தெளிவாகும். இரண்டாவது வரியில் ஆபரேட்டரின் முகவரி தெரிந்தால் பாக்கெட் இன்னும் பைபாஸ் பஸ்ஸில்தான் ஏறுகிறது.

பிங் வருகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால் பிரவுசரைச் சந்தேகப்படுங்கள். இப்போதைய பிரவுசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ்-க்குத் தாவும். பழைய மோடங்களில் அது இருக்காது, இருந்தாலும் பிரவுசர் ஏற்காத பழைய வகையாக இருக்கும். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்பதைக் கையால் முழுசாக அடியுங்கள். கம்ப்யூட்டரில் விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடங்கள்

இரண்டு லைன் வைத்திருக்கும் இடங்கள். சீசனில் ஆலைகள் இரண்டு ஆபரேட்டரிடம் லைன் எடுத்து, ஒன்று போனால் மற்றது என்று வைத்திருப்பார்கள். அதற்காக லான் விதியிலேயே கேட்வே குழுவைச் சொல்லியிருப்பார்கள். அந்த விதி வழித்தடப் பட்டியலைப் பார்க்காமல் எல்லாப் பாக்கெட்டையும் அந்தக் குழுவுக்கே தள்ளும். நீங்கள் போட்ட டவுன் பஸ் காலியாக நிற்கும். அந்த விதிக்கு மேலே இன்னொரு விதி வையுங்கள்: சேருமிடம் 192.168.100.1, கேட்வே டிஃபால்ட். மேலிருந்து கீழே படிப்பதால் மேலே இருப்பதுதான் முக்கியம். பிஎஃப்சென்ஸில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. ஃபயர்வாலிலிருந்து பிங் வருகிறது, நாட் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டு மோடத்துக்கும் ஒரே முகவரி என்றால் ஒன்றின் முகவரியை மாற்றியே ஆகவேண்டும்.

விலான். சில ஆபரேட்டர்கள் பிபிபிஓஇ-யை விலான் எண்ணோடு எடுக்கச் சொல்வார்கள். அப்போது பிபிபிஓஇ உட்காருவது விலான் இன்டர்ஃபேஸின் மேல். மோடத்தின் பக்கம் பெரும்பாலும் விலான் இல்லாமல்தான் பதில் சொல்லும். அதனால் புது இன்டர்ஃபேஸை அந்த விலானின் மேல் போடாமல், அதற்கும் அடியில் உள்ள வெறும் போர்ட்டின் மேல் போடுங்கள்.

இன்னொன்று: சில ஓஎன்டி-களில் பிரிட்ஜுக்கு ஒதுக்கிய லான்1 போர்ட் வழியாக நிர்வாகப் பக்கம் வரவே வராது. லான்2-இல் செருகினால் வரும். அந்த மாதிரிப் பெட்டிக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. லான்2-இலிருந்து ஃபயர்வாலில் காலியாக உள்ள ஒரு போர்ட்டுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துவிடுங்கள். அந்தப் போர்ட்டுக்கு 192.168.100.2/24, கேட்வே இல்லாமல். நாட் விதி அதேதான். ஒரே போர்ட்டில் பிபிபிஓஇ-யும் தனி முகவரியும் வைக்க விடாத பெட்டிகளுக்கும் இதே வழி. உண்மையைச் சொன்னால், வயர் இழுக்க வசதி இருக்கும் இடத்தில் நான் இப்போதெல்லாம் முதலிலேயே இதைத்தான் செய்கிறேன். எது எந்த வழியில் போகிறதென்று கண்ணால் பார்த்தே சொல்லலாம்.

ஆனால் அந்த வயரை ஃபயர்வாலில் செருகாமல் ஆபீஸ் ஸ்விட்ச்சில் செருகிவிடாதீர்கள். மோடத்தின் டிஹெச்சிபி உயிரோடு இருந்தால், ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கும். பாதி மேஜையில் நெட் வரும், பாதி மேஜையில் வராது, காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

திறந்தபின் பூட்டவும்

எல்லாருக்கும் இந்தப் பக்கம் தேவையில்லை. லான் விதியில் 192.168.100.1-க்குப் போகக் கணக்கு அறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி, அதற்குக் கீழே மற்ற எல்லாருக்கும் தடை. அந்தக் கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். விருந்தினர் வைஃபையிலிருந்து மோடம் பக்கம் திறக்கிறதா என்று ஒருமுறை போனில் பாருங்கள், திறக்கக்கூடாது. ஸ்டிக்கர் பாஸ்வேர்டை ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கவேண்டுமென்று மோடம் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவிடவே வேண்டாம். ஃபயர்வாலுக்கு விபிஎன் போட்டு உள்ளே வந்து பாருங்கள். அப்போது விபிஎன் வட்டாரத்தையும் நாட் விதியின் சோர்ஸில் சேர்க்கவேண்டும். மறந்தால் பழைய கதைதான், பதில் திரும்பி வராது.

பக்கத்தில் எதைப் பார்ப்பது

ஸ்டேட்டஸ் பகுதியில் ஆப்டிக்கல் அல்லது பான் (PON) என்று ஒரு தாவல் இருக்கும். அதில் ஆர்எக்ஸ் பவர்தான், அதாவது மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவுதான், நமக்கு வேண்டியது. மைனஸில் இருக்கும், அலகு டிபிஎம். ஜிபான் (GPON) என்ற வகை ஃபைபர் லைன்களில் பரவலாக உள்ள பி பிளஸ் வகுப்பில் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையே இருக்கவேண்டும். மைனஸ் 20 அருகே இருந்தால் நிம்மதி. மைனஸ் 25 தாண்டினால் லைன்காரரைக் கூப்பிடலாம். மூன்று டெசிபெல் இறங்கினால் வந்து சேரும் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் மைனஸ் 21 மைனஸ் 24 ஆனதை "மூணுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். காலை, மத்தியானம், ராத்திரி என்று நாலு நாள் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

காவேரிப்பட்டினத்துத் தம்பி அப்படித்தான் எழுதினார். காலையில் மைனஸ் 20.1, 20.3. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மைனஸ் 26.8, ஒருமுறை 28.2, அந்த நிமிடம் நெட் போனது. சாயங்காலம் மறுபடி 20. அந்தத் தாளை போட்டோ எடுத்து லைன்காரருக்கு அனுப்பினார். "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற வழக்கமான பதில் இந்தத் தடவை வரவில்லை. ஆள் வந்தது. ஆலைக்கு இருநூறு அடி முன்னால் ஒரு கம்பத்தில், தொங்கிய ஃபைபரை யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மத்தியானக் காற்றில் வயர் ஆடும்போதெல்லாம் அந்த முடிச்சில் ஃபைபர் மடிந்து மடிந்து நிமிர்ந்திருக்கிறது.

கம்பியை வெட்டிவிட்டு, வளையமாகச் சுற்றி கிளாம்ப் போட்டார்கள். லைன்காரர் கம்பத்தின் மேலிருந்தே போனில் கேட்டார், தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்கத்தைப் புதுப்பித்துச் சொன்னார்: "19.6 அண்ணா, இறங்கிக்கங்க."